விட முடியாத விசுவாசம்



பங்கில் ஒரு வயதான தாய் இறந்துபோகிறார். வெளியூரில் வேலை பார்க்கும் பேரன் அடக்கத்திற்கு வந்திருக்கிறான். பல வருடங்களாகக் கோவில் பக்கமே வராத பிள்ளை. "எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை" என்று வீட்டில் வெளிப்படையாகவே சொல்லிவிட்டவன். இரவு வீட்டிற்குள் செபமாலை நடக்கிறது. அவன் வாசலில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். உள்ளே ஒருவர் மங்கள வார்த்தை செபத்தின் முதல் பாதியைச் சொல்ல, மற்றவர்கள் மறுபாதியைச் சொல்கிறார்கள். சிறிது நேரத்தில் வாசலில் இருப்பவனின் உதடுகளும் அசைகின்றன. மறுநாள் கல்லறையில் மண் போடும்போது அவன் கை தானாகவே நெற்றிக்குப் போய்ச் சிலுவை அடையாளம் வரைகிறது.

இது ஏதோ ஒரு குடும்பத்தின் கதை அல்ல. குருக்களாகிய நாங்கள் பல பங்குகளில் பலமுறை பார்த்த காட்சி. இப்படிப்பட்ட பிள்ளைகளில் சிலர் அடக்கம் முடிந்ததும் எங்களிடம் வந்து, "நம்பிக்கை இல்ல ஃபாதர். ஆனா முழுசா விடவும் முடியல. ஏன்னு தெரியல" என்பார்கள். அவர்களுடைய தாய்மார் வேறொரு நாளில் வந்து, "நான் வளர்த்தது சரியில்லையா சாமி?" என்று கண்கலங்குவார்கள். இருவருக்கும் அவசரமாக ஏதோ ஒரு பதிலைச் சொல்லி அனுப்பிவிட்டு, அது போதவில்லையே என்று பின்னர் நாங்கள் வருந்தியதும் உண்டு.

விசுவாசத்தை விடுவது ஏன் இவ்வளவு கடினமாக இருக்கிறது? விட்டேன் என்று சொன்ன பிறகும் ஏதோ ஒன்று ஏன் உள்ளே நின்றுவிடுகிறது? அது இறைவனின் அருளா, வளர்ப்பின் பழக்கமா, வெறும் பயமா? இந்தக் கேள்விகளை இன்று சற்றுப் பொறுமையாகச் சிந்திப்போம். இதற்கு உதவும் ஒரு வரலாறு நம் திருச்சபையில் உண்டு. அது ஜப்பானில் மறைந்து வாழ்ந்த கிறிஸ்தவர்களின் வரலாறு.

சவேரியார் விதைத்த நிலம்

புனித பிரான்சிஸ் சவேரியார் நமக்குப் புதியவர் அல்ல. 1542ஆம் ஆண்டு முத்துக்குளித்துறைக்கு வந்து, முக்கியமான செபங்களைத் தமிழில் பெயர்க்கச் செய்து, தாமே மனப்பாடம் செய்து, பிள்ளைகளைக் கூட்டிக் கற்றுக்கொடுத்தவர் அவர். ஏழு ஆண்டுகளுக்குப் பிறகு, 1549 ஆகஸ்ட் 15 அன்று, அன்னையின் விண்ணேற்பு விழா நாளில், அவர் ஜப்பானின் ககோஷிமா நகரில் இறங்கினார். நம் கடற்கரையில் நடந்த அதே பாதங்கள் அந்த மண்ணிலும் நடந்தன.

அவருக்குப் பின் வந்த மறைபரப்பாளர்களின் உழைப்பால், அடுத்த 60 ஆண்டுகளில் அந்நாட்டில் சுமார் 3 லட்சம் பேர் கிறிஸ்தவர்களாக இருந்தார்கள் என்று வரலாற்று அறிஞர்கள் கணிக்கிறார்கள். பிறகு புயல் வீசியது. ஐரோப்பிய நாடுகள் மறைபரப்பாளர்களைப் பின்தொடர்ந்து நாட்டைப் பிடித்துவிடும் என்று ஆட்சியாளர்கள் அஞ்சினார்கள். 1597 பிப்ரவரி 5 அன்று நாகசாகியில் நிஷிசாகா குன்றின்மேல் புனித பவுல் மீகியும் தோழர்களுமாக 26 பேர் சிலுவைகளில் கட்டப்பட்டு ஈட்டியால் குத்திக் கொல்லப்பட்டார்கள். 1614இல் நாடு முழுவதும் கிறிஸ்தவம் தடை செய்யப்பட்டது. கோவில்கள் இடிக்கப்பட்டன. குருக்கள் நாடு கடத்தப்பட்டார்கள். மறைந்திருந்தவர்கள் ஒவ்வொருவராகப் பிடிபட்டார்கள். அங்கே எஞ்சியிருந்த கடைசிக் குருவான மான்ஷோ கோனிஷி 1644இல் கொல்லப்பட்டார்.

அதன்பின் ஜப்பானில் திருப்பலி இல்லை. ஒப்புரவு அருளடையாளம் இல்லை. நற்கருணை இல்லை. ஒவ்வொரு குடும்பமும் ஒரு புத்த ஆலயத்தில் பெயரைப் பதிவு செய்ய வேண்டும். ஐந்து வீடுகள் ஒரு குழு. ஒரு வீட்டில் கிறிஸ்தவர் அகப்பட்டால் ஐந்து வீடுகளுக்கும் தண்டனை. காட்டிக்கொடுப்பவருக்கு வெள்ளிக்காசு தருவதாக ஊர்தோறும் அறிவிப்புப் பலகைகள்!

இவை எல்லாவற்றையும்விடக் கொடியது ஒன்று இருந்தது. இயேசுவின் உருவமோ அன்னை மரியாவின் உருவமோ பதித்த பலகையைத் தரையில் வைத்து மிதிக்கச் சொல்வார்கள். அதற்கு 'ஃபுமியே' என்று பெயர். மிதிக்கும் படம் என்பது பொருள். நாகசாகிப் பகுதியில் இது ஆண்டுதோறும் நடந்தது. கைக்குழந்தைகளைக்கூடத் தூக்கிவந்து பிஞ்சுப் பாதங்களை அந்தப் படத்தின்மேல் பட வைத்தார்கள். இந்த வழக்கம் 1850களில்தான் முடிவுக்கு வந்தது.

இத்தனை தலைமுறைகள் இப்படி மிதித்த பிறகு அந்த மண்ணில் விசுவாசம் மிஞ்சியிருக்கும் என்று யார் நினைப்பார்கள்?

ஒரு வெள்ளிக்கிழமை நண்பகல்

ஜப்பான் மீண்டும் வெளிநாட்டாருக்குத் துறைமுகங்களைத் திறந்தபோது, நாகசாகியில் தங்கிய வெளிநாட்டவருக்காக ஓவுரா என்ற இடத்தில் ஓர் ஆலயம் கட்டப்பட்டது. பிரான்சு நாட்டு மறைபரப்புக் குரு பெர்னார்டு பெத்திழான் அங்கே பொறுப்பில் இருந்தார். 1865 மார்ச் 17, வெள்ளிக்கிழமை. ஆலய வாசலில் பத்துப் பதினைந்து ஜப்பானியர்கள் நிற்பதை அவர் பார்த்தார். பக்கத்தில் உள்ள உராக்காமி ஊரைச் சேர்ந்த ஏழை உழவர்கள். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் என்றுதான் முதலில் நினைத்தார். கதவைத் திறந்துவிட்டு, நற்கருணைப் பேழையின் முன் முழந்தாளிட்டுச் செபித்தார்.

அப்போது அவர்களில் ஒரு பெண் அருகில் வந்து, தங்கள் இதயமும் அவருடைய இதயமும் ஒன்றே என்று மெல்லிய குரலில் சொன்னார். பிறகு, சாந்தா மரியாவின் சுரூபம் எங்கே என்று கேட்டார். அன்னையின் சுரூபத்தைக் காட்டியதும் அவர்கள் முகம் மலர்ந்தது. கையில் குழந்தை இயேசுவையும் கண்டார்கள். உறைபனி மாதத்தின் 25ஆம் நாளில் ஆண்டவரின் பிறப்பைக் கொண்டாடுகிறோம் என்றார்கள். அவர் 33ஆம் வயதில் நமக்காகச் சிலுவையில் இறந்ததையும் சொன்னார்கள். இப்போது துக்க காலத்தை அனுசரிக்கிறோம், நீங்களும் அனுசரிக்கிறீர்களா என்று கேட்டார்கள். அது உண்மையிலேயே தவக்காலம்தான்!

பின்னர் மற்ற ஊர்களிலிருந்தும் மக்கள் வந்தார்கள். உரோமையில் இருக்கும் பெரிய தலைவரைப் பற்றிக் கேட்டார்கள். குருவுக்கு மனைவி மக்கள் உண்டா என்று விசாரித்தார்கள். இல்லை என்று அறிந்ததும், தங்கள் முன்னோர் எதிர்பார்த்த குரு இவர்தான் என்று உறுதி செய்துகொண்டார்கள். 1644க்கும் 1865க்கும் இடையே 221 ஆண்டுகள். ஒரே ஒரு குரு இல்லாமல் ஏழு தலைமுறைகள்!

இதை ஒரு புதுமை என்று சொல்லி, கைதட்டி முடித்துவிடலாம். ஆனால் இறைவனின் அருள் மனித வழிகளில்தான் செயல்படுகிறது. அந்த வழிகள் எவை என்று பார்த்தால்தான் நம் கேள்விக்கு வெளிச்சம் கிடைக்கும்.

அறிவு மட்டுமே பிடித்து நிறுத்துவதில்லை

முதலில் ஒரு வேதனையான உண்மை. 1633ஆம் ஆண்டு கிறிஸ்டோவோ ஃபெரைரா என்ற இயேசு சபைக் குரு நாகசாகியில் பிடிபட்டார். ஜப்பானில் இருந்த இயேசு சபையினருக்கு அவரே தலைவர். நன்கு கற்றவர். குழிக்குள் தலைகீழாகத் தொங்கவிடும் சித்திரவதையைச் சில மணி நேரம் அனுபவித்தபின் அவர் விசுவாசத்தை மறுதலித்தார். அவரோடு அதே சித்திரவதைக்கு உள்ளான ஜப்பானியக் குரு ஜூலியான் நக்கவுரா கடைசிவரை நிலைத்து உயிர்விட்டார். அவர் 2008இல் நாகசாகியில் முத்திப்பேறு பெற்றவராக உயர்த்தப்பட்டார். ஃபெரைராவை நியாயந்தீர்க்க நமக்குத் தகுதி இல்லை. அந்தக் குழிக்குள் நாம் ஒரு நிமிடமும் தொங்கியதில்லை. ஆனால் இறையியல் படித்த எங்களைப் போன்றவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும். விசுவாசம் மூளையில் சேர்த்துவைத்த கருத்துகள் மட்டும் என்றால், அதிகம் படித்தவரே அதிகம் உறுதியாக இருப்பார். வாழ்க்கை அப்படி இல்லை.

அந்த உழவர்களை நிறுத்தியவை எவை?

முதலாவது, நாவில் பதிந்த செபம். அவர்கள் தங்கள் செபங்களை 'ஒராஷோ' என்றார்கள். செபம் என்று பொருள்படும் 'ஒராசியோ' என்ற இலத்தீன் சொல்தான் இப்படி மருவியது. ஜப்பானிய மொழியோடு இலத்தீனும் போர்த்துக்கீசியமும் கலந்த செபங்கள் அவை. தலைமுறைகள் போகப்போகப் பல சொற்களின் பொருள் மறந்துபோனது. ஆனாலும் சொல்வதை நிறுத்தவில்லை. நம் ஊரிலும் 'குருசடி' என்கிறோம். அதில் உள்ள 'குருசு' போர்த்துக்கீசியச் சொல் என்று எத்தனை பேர் நினைக்கிறோம்? பொருள் தெரியாத நாளிலும் சொல் நம்மைத் தாங்குகிறது. வாசலில் உட்கார்ந்திருந்த அந்தப் பேரனின் உதடு அசைந்ததே, அது பாட்டி அவனுக்குச் சோறு ஊட்டும்போதே நாவில் வைத்துவிட்ட சொல்.

இரண்டாவது, நாட்காட்டி. ஜப்பானிய மறைக்கல்வி ஆசிரியரான பஸ்தியான் என்பவர் ஆண்டவரின் திருநாள்களையும் தவக்காலத்தையும் கணக்கிடும் ஒரு நாட்காட்டியை விட்டுச்சென்றார் என்பது அவர்களின் வழிவழி மரபு. எந்த நாளில் இறைச்சி உண்ணக் கூடாது, எந்த நாளில் தையல் வேலை செய்யக் கூடாது என்று அதைப் பார்த்தே நடந்தார்கள். கடவுளை நினைக்க அவர்களுக்குத் தனியாக ஒரு காரணம் தேவைப்படவில்லை. வாரமும் மாதமும் வரும்போது அவரும் கூடவே வந்தார்.

மூன்றாவது, ஒருவரை ஒருவர் தாங்கியது. ஊருக்கு ஊர் மூன்று பொறுப்புகள் இருந்தன. ஒருவர் நாட்காட்டியைக் காப்பவர், அவரே தலைவர். ஒருவர் திருமுழுக்குக் கொடுப்பவர். ஒருவர் வீடு வீடாகச் செய்தி சொல்பவர். எல்லோரும் பொதுநிலையினர். குருக்கள் இருந்த காலத்தில் அமைத்த பக்த சபைகள்தான் இப்படித் தொடர்ந்தன. ஒருவர் விட்டுவிட்டால் அது அவரோடு நிற்காது. மற்றவர்களையும் விட்டுப்போவதாக ஆகிவிடும். ஆகவே, விசுவாசத்தை விடுவது மனத்தில் ஒரு கருத்தை மாற்றிக்கொள்வதைவிட வீட்டையும் உறவையும் விடுவதற்கு நெருக்கமாக இருந்தது.

நான்காவது, இறந்தவர்கள். சட்டப்படி அடக்கத்தைப் புத்த துறவியே நடத்த வேண்டும். துறவி முன்னறையில் ஓதிக்கொண்டிருக்கும்போது, கிறிஸ்தவர்கள் அடுத்த அறையில் இரகசியமாகத் தங்கள் செபத்தைச் சொன்னார்கள். அப்பனும் ஆத்தாளும் எந்த நம்பிக்கையில் கண்மூடினார்களோ அதை விட்டால், அவர்களையே இரண்டாம் முறை புதைத்துவிட்டதாக உணர்ந்தார்கள். நம் மக்கள் கல்லறைத் திருநாளில் மட்டும் தவறாமல் வருவதன் இரகசியமும் இதுதான். அதைக் கேலி செய்ய வேண்டாம்.

மிதித்த காலுக்கும் மன்னிப்பு

ஐந்தாவது காரணத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். நம் சிந்தனைக்கு அதுவே மையம்.

அந்த மக்களில் பெரும்பாலோர் மறைசாட்சிகள் அல்ல. அவர்கள் ஆண்டுதோறும் போய்ப் படத்தை மிதித்தார்கள். மிதித்துவிட்டு வீட்டுக்கு வந்தார்கள். வந்து என்ன செய்தார்கள்? மனத்துயர் செபத்தைச் சொன்னார்கள். 'கொன்ச்சிரிசான்' என்று அதற்குப் பெயர். மனத்துயர் என்ற பொருளுள்ள போர்த்துக்கீசியச் சொல்லின் மருவிய வடிவம். குரு கிடைக்காத இடத்தில், முழுமையான மனத்துயரோடும், வாய்ப்புக் கிடைக்கும்போது ஒப்புரவு செய்யும் எண்ணத்தோடும் இறைவனிடம் திரும்புகிறவரை அவர் மன்னிக்கிறார் என்று விளக்கும் ஒரு சிறு நூல், தடைக்கு முன்பே, 1603இல் வெளியாகியிருந்தது. அதைக் கையால் எழுதியும் மனப்பாடம் செய்தும் காப்பாற்றினார்கள்.

இதை நன்றாகக் கவனிப்போம். மிதிக்கிறவன் இனிக் கடவுளுக்கு அந்நியன் என்று அவர்கள் நினைத்திருந்தால், முதல் ஆண்டிலேயே எல்லாம் முடிந்திருக்கும். ஒருமுறை விழுந்தவன், விழுந்தது விழுந்ததுதான் என்று போயிருப்பான். ஆனால் மிதித்தவனையும் ஆண்டவர் வீட்டிற்குத் திரும்ப வரவிடுவார் என்பதே அவர்கள் அறிந்த ஆண்டவர். அந்தக் கடவுளை விடுவது கடினம், ஏனென்றால் அவர் விடுவதில்லை. தலைமைக் குருவின் முற்றத்தில் பேதுரு மும்முறை மறுதலித்தபோது ஆண்டவர் திரும்பி அவரை உற்றுநோக்கினார் என்கிறார் லூக்கா (22:61). அந்தப் பார்வைதான் பேதுருவை வெளியே போய் மனம் நொந்து அழ வைத்தது. யூதாசும் வருந்தினான்; ஆனால் அவன் அந்தப் பார்வையிடம் திரும்பிப் போகவில்லை.

நம் தமிழில் இதற்கு அழகான ஒரு வேறுபாடு உண்டு. 'கடவுள் இருக்கிறார் என்று நம்புகிறேன்' என்பது ஒன்று. 'கடவுளை நம்பி இருக்கிறேன்' என்பது வேறொன்று. முதலாவது கருத்து. இரண்டாவது வாழ்க்கை. "உங்களைத்தான் நம்பியிருக்கேன்" என்று ஒரு மனைவி கணவனிடம் சொல்லும்போது, கணவன் இருக்கிறான் என்ற செய்தியையா சொல்கிறாள்? தன் பாரத்தை அவன்மேல் சாய்த்துவிட்டதைச் சொல்கிறாள். சாய்ந்திருப்பவர் விலகிக்கொள்வது எளிதல்ல. பலர் இயேசுவை விட்டுப் போனபோது, நீங்களும் போக நினைக்கிறீர்களா என்று அவர் பன்னிருவரைக் கேட்டார். பேதுரு எந்த வாதத்தையும் எடுத்து வைக்கவில்லை. வேறு யாரிடம் போவது என்றுதான் திருப்பிக் கேட்டார் (யோவா 6:67-68).

பிடித்திருப்பதெல்லாம் விசுவாசமா?

இங்கே நாம் நேர்மையாக இருக்க வேண்டும். விட முடியவில்லை என்பதே நம் விசுவாசம் உண்மை என்பதற்குச் சான்று ஆகிவிடாது. இந்து சகோதரர்களும் இஸ்லாமிய சகோதரர்களும் தங்கள் நம்பிக்கையை இதே உறுதியோடுதான் பற்றியிருக்கிறார்கள். நாவும் நாட்காட்டியும் உறவும் கல்லறையும் எல்லா மக்களையும் பிடித்து நிறுத்தும். ஆண்டவர் இயேசுவை நாம் நம்புவதன் ஆதாரம் நம் பிடியின் வலிமையில் இல்லை. அவருடைய வாழ்விலும் இறப்பிலும் உயிர்ப்பிலும் இருக்கிறது.

ஜப்பானின் வரலாறே நமக்கு இன்னொரு பாடமும் தருகிறது. 1865க்குப் பிறகு மறைந்து வாழ்ந்தவர்கள் அனைவரும் திருச்சபைக்குத் திரும்பவில்லை. பெரும் பகுதியினர், இக்கிட்சுக்கி தீவிலும் பிற இடங்களிலும், முன்னோர் காட்டிய இரகசிய முறையே போதும் என்று இருந்துவிட்டார்கள். காத்திருந்த குருக்கள் வந்தபோது, காத்திருந்த முறையே பெரிதாகத் தெரிந்தது. அவர்களைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. எத்தனையோ துன்பத்தில் காப்பாற்றிய ஒன்றை விடுவது எளிதா? ஆனால் விளக்கைக் காப்பதற்காகச் செய்த கூண்டே ஒருநாள் விளக்கைவிட முக்கியமாகிவிடலாம் என்ற எச்சரிக்கை நமக்கும் உண்டு. திருவிழாக் கொடியேற்றத்தில் யாருக்கு முதல் மரியாதை, தேர் எந்தத் தெரு வழியாகப் போக வேண்டும் என்று பிரிந்து நிற்கும் நம் பங்குகள் எதை விடாமல் பிடித்திருக்கின்றன?

பயத்தால் விடாதவர்களும் உண்டு. திருமண ஓலை வாசிக்க மாட்டார்களே, கல்லறைத் தோட்டத்தில் இடம் தர மாட்டார்களே என்று மட்டும் கோவிலோடு தொடர்பு வைத்திருப்பவர்கள் உண்டு. குருக்களாகிய நாங்களும் சில நேரங்களில் இந்தப் பயத்தைப் பயன்படுத்தியிருக்கிறோம். அது தவறு. விசுவாசத்தை ஏற்கும்படி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் சமயச் சுதந்திரம் பற்றிய அறிக்கையில் 1965இல் தெளிவாகச் சொன்னது. அதே நாளில் வெளியான 'இன்றைய உலகில் திருச்சபை' என்ற ஏடு, சிலர் கடவுளை மறுப்பதற்கு விசுவாசிகளின் தவறான போதனையும் வாழ்வும்கூடக் காரணமாகலாம் என்றும் ஒப்புக்கொண்டது. பிள்ளைகள் விலகும்போது முதலில் நம்மைப் பார்த்துக்கொள்வது நல்லது.

விட்டவர்களும் திரும்பிய பயணம்

உராக்காமி மக்கள் 1867இல் இறந்தவர்களுக்குப் புத்த சடங்கு வேண்டாம் என்று மறுத்தார்கள். இனி மறைந்திருக்க முடியாது என்ற முடிவு அது. கைதுகள் தொடங்கின. 1868 முதல் 1870க்குள் ஊரே காலியானது. சுமார் 3,400 பேர் குடும்பம் குடும்பமாகப் பல மாநிலங்களுக்கு நாடு கடத்தப்பட்டார்கள். பசி, குளிர், சித்திரவதை. 600க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஏறத்தாழ 1,000 பேர் தாங்க முடியாமல் விசுவாசத்தை விட்டுவிட்டதாகச் சொன்னார்கள். 1873இல் தடைப் பலகைகள் அகற்றப்பட்டதும் மீந்தவர்கள் ஊர் திரும்பினார்கள். விட்டவர்களில் பலரும் மீண்டும் வந்து சேர்ந்துகொண்டார்கள். அந்தத் துன்ப காலம் முழுவதையும் அம்மக்கள் 'பயணம்' என்ற ஒரே சொல்லால் அழைத்தார்கள்.

திரும்பி வந்தவர்கள் பின்னர் ஒரு நிலத்தை விலைக்கு வாங்கினார்கள். ஊர்த் தலைவரின் வீடு இருந்த நிலம் அது. ஆண்டுதோறும் அவர்களும் அவர்களின் முன்னோரும் படத்தை மிதித்தது அந்த வளாகத்தில்தான். அங்கேயே தங்கள் ஆலயத்தைக் கட்டினார்கள். அவமானப்பட்ட இடத்திலேயே பீடம் எழுந்தது. 1945 ஆகஸ்ட் 9 அன்று அணுகுண்டு வெடித்தது அந்த உராக்காமி ஆலயத்திலிருந்து சுமார் அரைக் கிலோமீட்டர் தூரத்தில். உள்ளே இரண்டு குருக்கள் விண்ணேற்பு விழாவிற்கு ஆயத்தமாக ஒப்புரவு அருளடையாளம் வழங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களும் வந்திருந்த மக்களும் மடிந்தார்கள். அப்பகுதியின் சுமார் 12,000 கத்தோலிக்கரில் 8,500 பேர் இறந்தார்கள். இடிபாடுகளிலிருந்து ஆலய மணியைத் தோண்டியெடுத்து அந்த ஆண்டு கிறிஸ்து பிறப்பு விழாவிற்கு ஒலித்தார்கள் எஞ்சியவர்கள். 1959இல் ஆலயம் மீண்டும் எழுந்தது.

நம் வீடுகளுக்கு

இனி அந்தத் தாய்க்கும் மகனுக்கும் என்ன சொல்வது?

தாயே, உங்கள் வளர்ப்பு வீண் என்று நினைக்காதீர்கள். திமொத்தேயுவின் விசுவாசத்தைப் பற்றி எழுதும்போது பவுலடியார் அவருடைய பாட்டி லோயியையும் தாய் யூனிக்கியையும்தான் நினைவுகூர்கிறார் (2 திமொ 1:5). நீங்கள் நாவில் வைத்த சொல் அங்கேதான் இருக்கிறது. அது எப்போது முளைக்கும் என்பது உங்கள் பொறுப்பு அல்ல, ஆண்டவருடைய பொறுப்பு. ஞாயிறுதோறும் சண்டை போட்டு அனுப்புவதைவிட, அவன் வீட்டுக்கு வரும் நாளில் விளக்கேற்றி வழக்கம்போல் குடும்ப செபம் சொல்லுங்கள். அவன் உட்காராவிட்டாலும் பரவாயில்லை. அவன் காதில் விழட்டும்.

தம்பி, முழுவதும் நம்பவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை என்கிறாய். அதற்காக வெட்கப்படாதே. போலியாக நடிக்கச் சொல்லவும் மாட்டோம். ஆனால் எது உன்னை விடாமல் பிடித்திருக்கிறது என்று உட்கார்ந்து பார். பயம் என்றால் அதை விட்டுவிடு. ஆண்டவர் அதைக் கேட்கவில்லை. பழக்கம் என்றால் அதைத் தூக்கி எறிந்துவிடாதே. அது உன் பாட்டியின் கை. அந்தக் கைக்குப் பின்னால் இன்னொரு கை இருக்கிறதா என்று கேட்டுப் பார். இனி ஆண்டவரைப் பற்றிப் பேசவே மாட்டேன் என்று முடிவெடுத்த எரேமியா, எலும்புகளுக்குள் அடைபட்ட நெருப்பைத் தாங்க முடியாமல் தவித்தார் (எரே 20:9). விட முடியாத தவிப்புகூட ஒருவகைச் செபம்தான். ஒருவேளை நீ எங்களால் காயப்பட்டு விலகியிருந்தால், அதையும் வந்து சொல். கேட்க வேண்டியது எங்கள் கடமை.

நம் எல்லோருக்கும் ஒரு நினைவூட்டல். 2020ஆம் ஆண்டு கொரோனா காலத்தில் பல மாதங்கள் நம் ஆலயங்கள் பூட்டிக் கிடந்தன. உயிர்ப்புப் பெருவிழாவைக்கூட வீட்டில் இருந்தபடி கொண்டாடினோம். சில வீடுகளில் செபமாலை பெருகியது. சில வீடுகளில் தொலைக்காட்சித் திருப்பலி முடிந்ததும் எல்லாமே முடிந்தது. கோவில் திறந்த பிறகும் திரும்பி வராதவர்களை நாம் அறிவோம். அந்தச் சில மாதங்களே நம்மைச் சோதித்தன என்றால், 221 ஆண்டுகளை எண்ணிப் பாருங்கள்!

எனவே இந்த வாரம் நம் அன்பியங்களில் இந்த மூன்று கேள்விகளைச் சிந்திப்போம்.

1. குருவும் கோவிலும் இல்லாத ஒரு காலம் வந்தால், நம் வீட்டில் பிள்ளைகளுக்கு எது மிஞ்சும்?

2. நாம் விடாமல் பிடித்திருப்பது ஆண்டவரையா, ஆண்டவரைச் சுற்றி நாம் கட்டிக்கொண்ட பெருமையையா?

3. விழுந்தவரும் விலகியவரும் வெட்கமில்லாமல் திரும்பி வரும்படி நம் பங்கின் கதவு திறந்திருக்கிறதா?

செபிப்போம்: ஆண்டவரே, மிதித்த பாதங்களோடு வீடு திரும்பிய மக்களை நீர் கைவிடவில்லை. எங்களில் தூரம் போனவர்களையும், அருகில் இருந்துகொண்டே தூரமாகிவிட்டவர்களையும் கண்ணோக்கியருளும். நாங்கள் உம்மைப் பிடித்திருக்கும் பிடி தளர்ந்தாலும், நீர் எங்களைப் பிடித்திருக்கும் பிடி தளராதிருப்பதாக. ஆமென்.